நாற்பத்தேழாவது இடம்

குளங்களுக்கும் ஓடைகளுக்கும் கரடுகளுக்கும் பெயர் வைப்பவர்கள் மனிதர்கள் என்ற நம்பிக்கை படித்தவர்களிடையே பரவலாக இருக்கிறது. பாடநூல்களில் இருக்கிறது, கோயில் வாசலில் விற்கும் தலவரலாறுகளில் இருக்கிறது, முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட குறைந்தது மூன்று ஆய்வேடுகளில் அடிக்குறிப்போடு இருக்கிறது. இது பிழை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மனிதர்களால் கூப்பிட மட்டுமே முடியும். கூப்பிட்ட பெயரை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த இடத்துக்கே உரியது. பெரும்பாலான இடங்கள் தங்கள் முடிவை வாய்விட்டுச் சொல்லாத காரணத்தால், நாம் வைத்த பெயர் நிலைத்துவிட்டதாக நாமே மகிழ்ந்துகொண்டிருக்கிறோம். ஈச்சங்குறிச்சியில் ஒரு வைகாசி மாதம் அவை வாய்விட்டுச் சொல்லின.

அந்த மாதம் எட்டாம் தேதிதான் அமலோற்பவம் தன் ஸ்கூட்டரில், காலடியில் தண்ணீர்க் குடுவையும் இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட பதிவேடுமாக ஊருக்குள் வந்தாள். வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றிலும் உள்ள இடப்பெயர்களையும் அடையாளங்களையும் ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில் அவள் ஒப்பந்தப் பணியாளர். ஏழு கட்டங்கள் கொண்ட பதிவேடு அது: வரிசை எண், இடம், பெயர், சொன்னவர், பெயர்க் காரணம், கையொப்பம், குறிப்பு. நாற்பத்து மூன்று வயதில் பதினொரு கிராமங்களை முடித்திருந்த அவள் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை. ஒரு வாய்க்காலின் பெயர் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் திரும்பி வரும்வரை இரண்டு நாள் வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவள். நோட்டுப் புத்தகத்தோடு வரும் பெண் வேறு யாராக இருக்க முடியும் என்று ஈச்சங்குறிச்சி அவளை டீச்சரம்மா என்று கூப்பிட்டது. டீச்சர் அவளில்லை, அவளுடைய கணவர்தான் பள்ளிக்கூட வாத்தியார் என்று முதல் நாள் இரண்டு தடவை திருத்திவிட்டு, மூன்றாவது தடவை விட்டுவிட்டாள்.

திட்டத்தின் கையேட்டில் பதினான்காவது விதி ஒன்று உண்டு. எழுதிய பெயரை, அந்த இடத்திலேயே நின்று, ஊரார் முன்னிலையில் மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும். மறுப்பவர் இருந்தால் அப்போதே மறுக்கலாம். மற்ற பதிவாளர்கள் இந்த விதியை டீக்கடையிலேயே முடித்துக்கொள்வார்கள். அமலோற்பவம் கண்மாய்க் கரையில் ஏறி நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பெரிய உடையான் கண்மாய்" என்று வாசித்தாள். கண்மாய் "ம்" என்றது. விதி மூன்று முறை என்பதால் அவள் இன்னும் இரண்டு முறை வாசித்தாள், கண்மாயும் இன்னும் இரண்டு முறை "ம்" கொட்டியது. கரையில் நின்ற ஐந்து பேரில் ஒருவரான ஊராட்சித் தலைவர் வெள்ளைக்கண்ணு, இந்த வருஷம் தண்ணீர் கிடையாது, அதனால்தான் குரல் தொண்டைக்குள்ளேயே நிற்கிறது, ஐப்பசியில் கேட்டிருந்தால் நன்றாகக் கேட்டிருக்கும் என்று ஊர் சார்பில் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் சொன்னார். ஏழாவது கட்டத்தில் அமலோற்பவம் எழுதினாள்: பதில் வந்தது.

அதன்பிறகு ஊரில் எல்லா இடங்களும் தங்கள் சரியான பெயருக்குப் பதில் சொல்லின, யார் கூப்பிட்டாலும் சொல்லின. இரட்டை ஆலமரம் "யாரு" என்று கேட்டது. கருப்பன் ஓடை "என்ன வேணும்" என்றது, அதுவும் கொஞ்சம் சலிப்போடு. பேருந்து நிறுத்தம், பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த தலைவரின் பெயருக்கு நாலு நாள் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் யாரோ வேடிக்கையாக "பால்காரன் முக்கு" என்று கூப்பிட, "இங்கதான் இருக்கேன்" என்றது. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, மகளின் பெயரில் வளைவு கட்டிப் பண்ணை ஆக்கியிருந்த பத்து ஏக்கர், அந்தப் பெயருக்கு அசையாமல் கிடந்து, "கழுதைமேடு" என்றதும் கணீரென்று பதில் சொன்னது. அவர் அன்று மாலையே வளைவின் மேல் சாக்கைப் போட்டு மூடினார், இருந்தாலும் பயல்கள் சாலையில் போகும்போதெல்லாம் கூப்பிட்டுவிட்டே போனார்கள்.

எதற்கும் ஒரு முறை வேண்டும் என்று நினைக்கும் ஊர் அது. ஒரு வாரத்திலேயே முறைகள் வந்துவிட்டன. கூப்பிட்டுப் பதில் வாங்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு என்று முடிவாயிற்று. அதனால் ஆலமரத்தைக் கடப்பவர்கள் கூப்பிட்டு, அது "யாரு" என்றதும் தன் பெயர், தகப்பன் பெயர், போகும் காரியம் மூன்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள். உச்சி வெயிலில் இடங்கள் கண்ணயரும் என்று சொல்லி அந்த நேரத்தில் கூப்பிடுவது தடுக்கப்பட்டது. கைபேசியில் பதிவு செய்து அனுப்பியவர்களுக்குக் காற்றுச் சத்தம் மட்டுமே பதிவானது, அதனால் அந்த ஆசையும் சீக்கிரம் அடங்கியது. கோயில் பூசாரிக்கு மட்டும் மனக்குறை இருந்தது. சாமியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சனங்கள் ஓடையிடம் கேட்கிறார்கள் என்று அவர் புகார் சொன்னபோது, ஓடை குறைந்தபட்சம் என்ன வேணும் என்றாவது கேட்கிறதே என்று ஒரு பெண் சொன்னாளாம்.

அமலோற்பவத்துக்கு இதில் வேலை மிச்சம். ஒரு மேட்டுக்கு ஆறு பெயர் சொல்லி ஆறு பேர் சண்டை போடும்போது அவள் ஆறையும் வரிசையாக வாசிப்பாள், மேடு தனக்குப் பிடித்ததற்குப் பதில் சொல்லும், சண்டை முடிந்துவிடும். மூன்று வாரத்தில் நாற்பத்தாறு இடங்களை முடித்தாள். நாற்பத்தேழாவது இடம், ஊருக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி, மானாவாரி நிலங்களுக்கு நடுவே கிடந்த ஒற்றைப் பாறை.

மேலத்தெருக்காரர்கள் அதைச் சட்டிக்கரடு என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் மொட்டைப்பாறை என்றார்கள். பாறை இரண்டுக்கும் பேசவில்லை, பதில் வராத பெயரை இந்த ஊரில் அமலோற்பவம் எழுதுவதில்லை. இதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு தெருவும் முதல் தடவையாக ஒரே மாதிரி அவமானப்பட்டன. பழைய ஆவணத்தில் பார்த்தால் அந்த இடத்துக்கு எண் மட்டும் இருந்தது. கையேட்டின் இருபத்திரண்டாவது விதி அமலோற்பவத்துக்கு மனப்பாடம்: பெயரற்ற இடங்கள் தனிப் பட்டியலில் சேர்க்கப்படும், அந்தப் பட்டியல் கல்குவாரிக் குத்தகைக்குப் பரிசீலிக்கப்படும். வியாழக்கிழமை பதிவேட்டைச் சரிபார்க்க அதிகாரி வருவதாக இருந்தது. குவாரிக்காரருடைய ஆட்கள் அதற்கு முன்பே வந்து, பாறையின் மேல் சிவப்புப் பெயின்டில் எண்களை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

பாறை போனால் ஊருக்கு என்ன போகும் என்று கேட்டால், தூசி வரும், வெடிச் சத்தம் வரும், வீட்டுச் சுவர் விரியும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பாறையே போய்விடும் என்பது ஒரே ஒருத்திக்குத்தான் கவலை. அவள் பெயர் சிலம்பாயி, வயது ஐம்பது இருக்கும், பதினான்கு ஆடு வைத்திருந்தாள். அவளுடைய கணவர் ராஜாங்கம் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் வேலைக்கு ஏறி வடக்கே போனவர், முதல் ஆறு மாதம் பணம் அனுப்பினார், அப்புறம் பணமும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பாறை உச்சியில் நின்றால் நெடுஞ்சாலையில் போர் வண்டிகள் போவது தெரியும். சிலம்பாயி ஆட்டை மேயவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தினமும் அங்கே ஏறி நிற்பாள்.

ஆகவே பாறைக்கு அவள் புருஷன் பெயர்தான் என்று ஊர் கண்டுபிடித்தது. வெள்ளைக்கண்ணு முப்பது பேரோடு போய் "ராஜாங்கம் பாறை" என்று கூப்பிட்டார், வெறும் ராஜாங்கம் என்று கூப்பிட்டார், போர் வண்டியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் வைத்திருந்த பட்டப்பெயரையும், அதைப் பெண்கள் முன்னால் சொல்ல முடியாது என்பதால், பக்கத்தில் போய்க் காதோடு சொல்வதைப் போலச் சொல்லிப் பார்த்தார். பாறை அசையவில்லை. அப்போதுதான் ஊர் தனக்கே உரிய அடுத்த முடிவுக்கு வந்தது: அந்தப் பெயரைச் சிலம்பாயி வாயால் சொன்னால்தான் பாறை கேட்கும். சிலம்பாயி கணவர் பெயரை வாழ்நாளில் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவாள்.

திங்கட்கிழமை மாலை அமலோற்பவம் தனியாக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு, பாதை முடிந்த இடத்திலிருந்து நடந்து, பாறை அடிவாரத்துக்குப் போனாள். சிலம்பாயி ஒரு கிடாயின் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்க்காரங்க அனுப்பிச்சாங்களா டீச்சரம்மா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன்."

"உங்க வீட்டுக்காரர நீங்க பேரு சொல்லித்தான் கூப்பிடுவீங்களா?"

அமலோற்பவம் யோசித்தாள். "சார்னு கூப்பிடுவேன்."

முள் எடுத்த கையோடு சிலம்பாயி சிரித்தாள். "ஏன், வீட்லயும் பாடம் எடுக்கறாரா?"

"எடுப்பாரு. யாரு கேக்கறா."

கிடாய் உதறிக்கொண்டு ஓடியது. சிலம்பாயி முள்ளைத் தூர எறிந்தாள். பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பது தன் அம்மா காலத்துப் பேச்சு, அதை நம்புகிறாயா என்று கேட்டால் நம்பவில்லைதான் என்று அவளாகவே சொன்னாள். "ஆனா இருக்காரா இல்லையான்னே தெரியாத ஆளு. அவரு ஆயுச வெச்சு நான் எப்படி விளையாட முடியும்?"

அது நியாயம்தான் என்றாள் அமலோற்பவம். அதோடு, அந்தப் பெயரை ஊரே கத்திப் பார்த்துவிட்டது, யார் வாயிலிருந்து வந்தாலும் பெயர் பெயர்தான், நீங்கள் சொன்னாலும் பாறை பேசாது என்றும் சொன்னாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

சிலம்பாயி எட்டிப் போன ஓர் ஆட்டைச் சத்தம் கொடுத்துத் திருப்பிவிட்டு, உட்கார்ந்தவள் எழுந்திருக்காமலே சொன்னாள். "எனக்குத்தான் பதில் வருதே."

"பாறையா?"

"பாறைக்கும் எனக்கும் என்ன பேச்சு. அவரு சொல்றாரு."

பத்தொன்பது வருஷமாக மேலே நின்று கூப்பிட்டதற்குக் காற்றுதான் வந்தது, இந்த வைகாசியில்தான் முதல் தடவை பதில் வந்தது என்றாள். எந்தத் தேதி என்று அமலோற்பவம் கேட்டாள். எட்டாம் தேதி சாயங்காலம் என்றாள் சிலம்பாயி. கண்மாய் முதல் தடவை "ம்" கொட்டிய தேதி அது. பதிவேட்டில் அமலோற்பவத்தின் கையெழுத்திலேயே இருந்தது.

"என்ன சொல்றாரு?"

"வர்றேங்கறாரு." சிலம்பாயி மேற்கே பார்த்தாள். "அவரு எப்பவுமே அப்படித்தான். சோறு ஆறுதுன்னு கூப்பிட்டா வர்றேம்பாரு. மாடு அவுத்துக்கிட்டுப் போச்சுன்னாலும் வர்றேம்பாரு. உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டாரு. நாலு தடவ கூப்பிடணும்."

பதினொரு கிராமங்களையும் நாற்பத்தாறு இடங்களையும் ஒரு கட்டமும் வெறுமையாக விடாமல் முடித்த அமலோற்பவம், எழுத வேண்டியது கண் முன்னால் இருக்கும்போது பேனாவை மூடியது அதுதான் முதல் தடவை. அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை; எல்லாப் பெண்களும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டிருப்பாள். அந்தச் சொல்லைத் தானே ஒரு தடவை பாறையைப் பார்த்துச் சொன்னால் போதும், விஷயம் தெரிந்துவிடும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. விதியை மட்டும் சொன்னாள்: வியாழக்கிழமை அதிகாரி வருவார், பெயர் இல்லாவிட்டால் பாறை பட்டியலில் போகும், பட்டியலில் போனால் வெடி வைப்பார்கள், ஊரார் ஒருவர் சொல்லி, அதற்குப் பதில் வந்து, அவர் கையெழுத்தும் போட்டால்தான் பெயர், பதிவாளர் தானாக எதையும் எழுத முடியாது.

"எழுதினா அது பாறையோட பேரு ஆயிரும்," என்றாள் சிலம்பாயி.

"ஆமா."

"யாரு கூப்பிட்டாலும் பாறை பதில் சொல்லும்."

"ஆமா."

"அப்ப எனக்கு வர்றேன்னு சொன்னது?"

அமலோற்பவம் ஏழு கட்டங்களுக்கும் பதில் கண்டுபிடிக்கப் பழகியவள். இதற்கு அவளிடம் கட்டம் இல்லை. அன்று பொழுது சாயும்போது சிலம்பாயி பாறை மேல் ஏறவில்லை. செவ்வாயும் ஏறவில்லை, புதனும் ஏறவில்லை என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார், பின்னாலேயே குவாரிக்காரரின் வெள்ளை வண்டி வந்தது, அதற்குப் பின்னால் இரண்டு தெருவும் குடையும் குழந்தையுமாக நடந்து வந்தன. அதிகாரி நாற்பத்தாறு பதிவுகளையும் புரட்டி, ஏழாவது கட்டத்தில் வரிசையாக எழுதியிருந்த 'பதில் வந்தது' எல்லாவற்றையும் படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். நாற்பத்தேழைக் கேட்டார். மேலத்தெரு ஒரு பெயரைக் கத்தியது, கீழத்தெரு ஒரு பெயரைக் கத்தியது, பாறை வெயிலில் கிடந்தது. குவாரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெள்ளைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிலம்பாயியிடம் போனார். "தாயி, ஊருக்காக ஒரே ஒரு தடவ அந்தப் பேரச் சொல்லிரு. ஆயுசுல ஒரு மாசம் கொறஞ்சா கொறையட்டும்."

"உங்க ஆயுசுல கழிச்சுக்கச் சொல்லுங்க, இப்பவே சொல்றேன்," என்றாள் சிலம்பாயி. அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்கண்ணு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். உச்சிக்கு ஏறவில்லை, சிவப்பு எண்கள் எழுதியிருந்த பக்கத்தின் முன்னால், ஒரு வீட்டு வாசலில் நிற்பவளைப் போல, கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்றபோது அவள் யாரையும் பார்க்கவில்லை, அமலோற்பவத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு, சோறு ஆறுகிறது என்று சொல்ல வருபவளின் குரலில், கத்தாமல், கூப்பிட்டாள்.

"இந்தாருங்க."

"வர்றேன்," என்றது பாறை.

வெற்றிலை மென்றுகொண்டே பேசுகிற மாதிரியான குரல். ராஜாங்கத்தோடு பழகியிருந்த நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தரையைப் பார்த்தார்கள். சிலம்பாயி திரும்பினாள்.

"எழுதிக்குங்க டீச்சரம்மா," என்றாள். "கல்லுதான் பேசுது."

அமலோற்பவம் மூன்றாவது கட்டத்தில் இந்தாருங்கப் பாறை என்று எழுதினாள். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, இது பெயரே அல்ல, பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற கூப்பாடு என்று ஆட்சேபித்தார். கூப்பிடுவதும் பதில் வருவதும்தான் பெயர் என்று கையேட்டின் மூன்றாவது விதியைப் பக்க எண்ணோடு அவள் சொன்னாள். அந்தக் கையேட்டைக் கடைசிவரை படித்தவர் மாவட்டத்தில் இன்னொருவர் இல்லாததால் அவரால் மறுக்க முடியவில்லை. அவர் விட்டாலும் அவள் விடவில்லை. பதினான்காவது விதிப்படி மூன்று முறை வாசித்தாள், சிலம்பாயியின் கூப்பாட்டை, சிலம்பாயி காதுபட, தன் குரலில். பாறை அவளுக்கும் மூன்று முறை வர்றேன் என்றது, அதே குரலில், அதே வெற்றிலையோடு. சிலம்பாயி மூன்று முறையும் நகராமல் நின்று கேட்டாள்.

பெயர்க் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது அமலோற்பவத்தின் பேனா கொஞ்சம் தயங்கியது. சிலம்பாயிதான் எட்டிப் பார்த்து, அது என்ன கட்டம் என்று கேட்டு, என்ன எழுத வேண்டும் என்றும் சொன்னாள். ஒருத்தி இங்கே நின்று கூப்பிட்டதால், என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த கட்டத்தில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது; ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அழுத்திப் போட்டதால், கீழே இருந்த இரண்டு தாள்களிலும் அது பதிந்திருக்கிறது.

குவாரிக்காரரின் வண்டி வந்த தூசியிலேயே திரும்பிப் போனது. சிவப்பு எண்கள் ஆடி மாதக் காற்றிலும் ஆவணி மழையிலும் உரிந்துபோயின. அமலோற்பவம் பதின்மூன்றாவது கிராமத்துக்குப் போனாள். சிலம்பாயி பழையபடி ஆடு மேய்க்கிறாள், பாறையில்தான் மேய்க்கிறாள், பொழுது சாயும் நேரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

புரட்டாசியில் பாறையைச் சுற்றியிருந்த மானாவாரி நிலங்களில் உளுந்து விதைத்தார்கள். மார்கழியில் செடி பிடுங்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஊரே அங்கே இறங்கியது. நாலு வரப்புக்கு அப்பால் குனிந்து நிற்கும் கணவனை, செடிக் கட்டைத் தலைக்குத் தூக்கிவிடுவதற்காக ஒரு பெண் "இந்தாருங்க" என்பாள். பாறை "வர்றேன்" என்று சொல்லிவிடும். அவர் நிமிர மாட்டார், அவளும் ஆள் வருகிறது என்று கட்டோடு காத்துக்கொண்டு நிற்பாள். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, அந்த நிலங்களில் வேலை செய்த பெண்கள் கணவன்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.